மார்கழி வாடகை

கொப்பரையில் ஏழாவது ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரர் தங்கமுத்து வந்து வாசலில் நின்றார். கையில் தூக்குப்பாத்திரம் இல்லை.

ராமுத்தாய் அவர் வெறுங்கையைத்தான் பார்த்தாள். எட்டு வருஷமாக அவர் காலையில் வந்தால் நாலு இட்லிக்குத்தான் வருவார். பித்தளைத் தூக்கோடு வருவார். தூக்கு இல்லாமல் வந்தது இதற்கு முன் இரண்டே தடவை. முதல் தடவை, ஐந்து ரூபாயாக இருந்த வாடகை எட்டு ஆனது. இரண்டாம் தடவை, எட்டு பதினொன்று ஆனது.

"உக்காருங்கய்யா. சூடா ரெண்டு வைக்கவா?"

"இருக்கட்டும்த்தா."

அவர் உட்காரவில்லை. கொப்பரையிலிருந்து கிளம்பிய ஆவி ஓட்டுக்கூரை வரை போய்க் கலைவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு நாளைக்கு எத்தனை ஈடு எடுக்கே?"

"ஏதோ... அஞ்சாறுங்கய்யா."

"பொய் சொல்லாதத்தா. கோழி கூப்பிட்டதுல இருந்து நானும் எதிர்த்தாப்புல நின்னு எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். இது ஏழு."

சுவரோரம் குத்தவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த, தோல் பதனிடும் ஷாப் ஆட்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு, தங்கமுத்து திரும்பியதும் சட்னியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"மார்கழி ஒண்ணாந்தேதியில இருந்து வாடகை பதினெட்டு. தோதுப்படலைன்னா கார்த்திகைக் கடைசியில சாவியைக் குடுத்திரு. மனஸ்தாபம் ஒண்ணும் இல்லை."

மார்கழி பிறக்க ஐந்து நாள் இருந்தது.

"அஞ்சு நாள்ல எங்கிட்டுங்கய்யா போவேன்? அடுத்தது மார்கழி வருதே?"

"அட ஆமா, மார்கழி வருதுல்ல?" என்றார் தங்கமுத்து, யாரோ இப்போதுதான் காதில் சொன்னது மாதிரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

எல்லாம் அதற்குள்தான் இருந்தது. மார்கழியில் யாரும் வீடு மாறுவதில்லை. பால் காய்ச்சுவதில்லை, சட்டி பானை தூக்குவதில்லை. திண்டுக்கல்லில் அந்த ஒரு மாசம் மாட்டு வண்டிகளில் அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் ஏறாது. குடியிருப்பவனும் அசைய முடியாது, புதுக் குடியும் வராது. அப்படிக் கட்டிப்போட்ட மாசத்தில் ஒரு தடவை பதினெட்டு ரூபாயை வாங்கிவிட்டால் போதும். தை பிறந்ததும், "போன மாசம் குடுத்தேல்ல, இந்த மாசம் என்ன?" என்று கேட்டுவிடலாம்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. மில்லுக்கும் ஆபீஸுக்கும் வேலைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் தலைக்கு மேல் ஓடு வேண்டியிருந்தது. மலைக்கோட்டையின் நிழல் விழுகிற சந்து பொந்தெல்லாம் வாடகை ஏறியது. தங்கமுத்துவின் லைன் வீட்டில் ஒரே வரிசையாக ஐந்து குடித்தனம். தெருவைப் பார்த்த முதல் வீடு ராமுத்தாயுடையது. பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போடும் மலைச்சாமி அவள் புருஷன். வாரச் சம்பளத்தில் அரிசியும் விறகும் போக, வாடகை என்பது இட்லிக் கொப்பரையிலிருந்துதான் வர வேண்டும். அணாவுக்கு இரண்டு இட்லி. ஏழு ரூபாய் கூடுதலாக வேண்டுமென்றால் எத்தனை இட்லி என்று மலைச்சாமி விரலை மடக்கிப் பார்த்துவிட்டுப் பாதியில் விட்டுவிட்டான்.

"ராத்திரியிலயும் கடை போடவா?" என்றாள் ராமுத்தாய்.

"இந்த வயித்தோடயா?"

அவளுக்கு அது ஐந்தாம் மாசம். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு தடவை மூன்றாம் மாசம் தாண்டாமல் போனது. இது தங்கியிருக்கிறது. தங்கியிருக்கிறதே என்று அவள் நடையைக்கூடச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் கொப்பரையை இறக்கிக் கழுவிக் கவிழ்த்ததும் அவளும் ஜெயமேரியும் வீடு தேடிக் கிளம்பினார்கள். ஜெயமேரி லைன் வீட்டின் கடைசிக் குடித்தனம். கிணற்றுப் பக்கம் பார்த்த வாசல். வீட்டில் இருந்தபடி சுருட்டுச் சுற்றுகிறவள். புருஷன் சூசை பேகம்பூர் தோல் ஷாப்பில் வேலை. தோலுக்குச் சாறு இறங்கிய ஆவாரம்பட்டைச் சக்கையைக் காயப்போட்டு மூட்டையாகக் கொண்டுவந்து தருவார். ராமுத்தாயின் அடுப்பு பாதி அதில்தான் எரிந்தது. பதிலுக்குச் சூசைக்கு இட்லியோடு மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய் ஒரு கரண்டி அதிகம்.

ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் முதல் வீடு. "அடுப்பு எத்தனை மணிக்கு மூட்டுவே?"

"நாலு மணிக்குங்கம்மா."

"விடியாமலா? எங்க வீட்டுக்காரருக்கு ஈளை இழுப்பு, புகை ஆகாது. நீ வேற இடம் பாரு."

இரண்டாவது வீட்டில் பதினைந்து ரூபாய், ஆறு மாச அட்வான்ஸ். மூன்றாவது வீட்டுக்கார அம்மாள் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு, கடைசியில் ராமுத்தாயின் வயிற்றைப் பார்த்தாள்.

"பேறுகாலம் இங்கேயா பார்ப்பே?"

"தாய் வீட்டுல யாரும் இல்லைங்கம்மா."

"அப்ப எங்களுக்குச் சரிப்படாதுத்தா."

தெருவுக்கு வந்ததும் ஜெயமேரி பொருமித் தீர்த்தாள். "இவ மட்டும் முருங்கை மரத்துல காய்ச்சாளாக்கும்! வாடி ராமு, ஒரு சோடா குடிப்போம். காலு வீங்கிருச்சு உனக்கு."

"சோடா வேணாம்க்கா. தண்ணி போதும்."

"காசை நான் குடுக்கேன், நீ வாயைத் திற."

சாயங்காலம் சூசை ஒரு சேதியோடு வந்தார். உடம்பெல்லாம் தோல் வாடையும் சுண்ணாம்பு வாடையுமாக, கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டே சொன்னார். "தோல் தரகர் முகமது பாரூக்கு இருக்காருல்ல, அவரு வீடு ஒண்ணு காலியாகுதாம். ரெண்டு ரூம்பு, அடுப்படி, பின்னால திறந்த முத்தம். மில் கிளார்க்கு ஒருத்தர் ஒண்டியா இருந்திருக்காரு."

மறுநாள் நால்வரும் போனார்கள். பாரூக் பாய் நீட்டி முழக்காத மனுஷன்.

"வாடகை ஒன்பது. அடுப்பு மூட்டிக்க, இட்லி சுட்டுக்க, எனக்கு ஆட்சேபணை இல்லை. கிளார்க்கு ஞாயித்துக்கிழமை காலி பண்றாரு. திங்கக்கிழமை நான் மெட்ராஸுக்கு ரயில் ஏறணும், வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். வீட்டைப் பூட்டிப் போட்டுட்டுப் போனேன்னு வையி, என் மச்சான்மாருங்க தோல் கட்டைக் கொண்டாந்து அடுக்கிருவானுங்க. உப்பும் தோலும் ஒருக்கா உள்ளே போச்சுன்னா பத்து வருஷத்துக்கு அதுல மனுஷன் குடியிருக்க முடியாது. அதனால ஞாயித்துக்கிழமையே உள்ள ஆள் வரணும்."

ராமுத்தாய் மெதுவாகக் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை மார்கழி ரெண்டு ஆச்சே பாய்?"

"அதுக்குத்தானே தாயி ஒன்பது ரூபா சொல்றேன்? தையா இருந்தா பதினாலு கேட்பேன். உள்ளதைச் சொல்லிப்புட்டேன்."

திரும்பும் வழியில் மலைச்சாமிதான் பேச்சை எடுத்தான். "மார்கழியாவது ஒண்ணாவது. பட்டறையில கேட்டுப் பாரு, இப்பல்லாம் எவன் இதைப் பார்க்கான்?"

ராமுத்தாய் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். மலைச்சாமி அதைப் பார்த்துவிட்டான். மார்கழிப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டான்.

*

ஜெயமேரி சுருட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஈரப் புகையிலையின் நடுநரம்பை உருவிக்கொண்டே பேசினாள். அவளுக்குக் கை ஓடினால்தான் யோசனை ஓடும்.

"ஏ ராமு. மார்கழி உனக்குத்தானே?"

"பின்னே?"

"எனக்கு இல்லையே. எனக்கு அது டிசம்பர். ஆண்டவர் பொறந்த மாசம். அந்த மாசத்துல வீட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு எங்க சாமியார் எந்தப் பூசையிலயும் சொன்னதில்லை."

"அதுக்கு?"

"அதுக்கா? ஞாயித்துக்கிழமை பாய் வீட்டுக்கு நாங்க போறோம். நீங்க ரெண்டு பேரும் கார்த்திகைக் கடைசி நாளே எங்க வீட்டுக்கு வந்திருங்க. கார்த்திகையிலயே வந்துட்டா மார்கழிக்கு உன் மேல என்ன பாத்தியதை?"

மலைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். "வீட்டுக்காரர் விடுவாராக்கா?"

"எங்க டிசம்பர் வாடகை ஒன்பது ரூபா, முதல் தேதியே கட்டியாச்சு. ரசீது இருக்கு. உங்ககிட்டத் தமிழ் மாசம் பாத்து வாங்குறாரு. ஷாப்புல சம்பளம் இங்கிலீசு மாசங்கிறதால எங்ககிட்ட இங்கிலீசு மாசம் பாத்து வாங்குறாரு. மனுஷன் ஒரு காலண்டருக்குத்தான் வலை போட்டிருக்காரு மலைச்சாமி! நீங்க எங்க வீட்டு வாடகை ஒன்பதைக் குடுங்க, நாங்க பாய் வீட்டு ஒன்பதைக் குடுக்கோம். தை ஒண்ணு அன்னைக்கு நீங்க அங்க வந்திருங்க. முன் ரூம்பு உங்களுக்கு, பின் ரூம்பு எங்களுக்கு, அடுப்படி பொது. அப்பறம் ஆளுக்கு நாலரை."

வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்த சூசை, "என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?" என்றார்.

"கேட்டா என்ன சொல்லப்போறீக?"

"சரின்னுதான் சொல்லுவேன்."

"அப்பறம் என்ன கேட்கிறது?"

ராமுத்தாய் சிரித்தாள். தங்கமுத்து வந்துபோனதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. "புகையிலை நெடிக்கா" என்றாள்.

*

கார்த்திகைக் கடைசி நாள் சாயங்காலம் ஆட்டுக்கல்லை உருட்டியது நாலு பேர். கிணற்றடி வழியாகக் கடைசி வீட்டுக்கு முப்பது அடி தூரம்தான். இரண்டு குடும்பமும் ஒரே அறையில் புகையிலைக் கட்டுகளுக்கு நடுவே ஒடுங்கிப் படுத்தார்கள்.

மார்கழி ஒன்றாம் தேதி விடிந்ததும் தங்கமுத்து வந்தார். தூக்கு இல்லை. முதல் வீட்டு வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. கதவு நாதாங்கியில் சாவி தொங்கியது. கிணற்றடிப் பக்கமிருந்து ஆவி வந்தது. அதன் பின்னாலேயே தோல் ஷாப் ஆட்களின் சத்தம் வந்தது.

அவர் சந்து வழியாக நுழைந்து கடைசி வீட்டைப் பார்த்து நின்றார்.

"ஏலே சூசை! என்னடா கூத்து இது?"

சூசை வாயில் இருந்த இட்லியை விழுங்கிவிட்டு எழுந்தார். "கூத்து ஒண்ணும் இல்லைங்கய்யா. டிசம்பர் வாடகை கட்டியிருக்கேன். என் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காக."

"விருந்தாளி இட்லி சுடுமாடா?"

"எங்க விருந்தாளி சும்மா இருக்க மாட்டாகய்யா."

குத்தவைத்திருந்த ஏழெட்டுப் பேரும் கொல்லென்று சிரித்தார்கள். தங்கமுத்து முதல் வீட்டுக்குப் புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்து தொங்கவிட்டார். மலைச்சாமி வேலைக்குப் போகும்போது அதை நின்று தூக்கிப் பார்த்தான். "எங்க பட்டறைப் பூட்டுதான். நல்லா உழைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஜெயமேரி குடும்பம் பாய் வீட்டுக்குக் கிளம்பியது. வண்டியில் ஏறும்போது ஜெயமேரி திரும்பிப் பார்த்து, "தை ஒண்ணுக்கு முன்னால அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதடி. வாசப்படி மிதிச்சே, காலை ஒடிச்சிருவேன்" என்றாள்.

*

மார்கழி மாவுக்கு எதிரி. குளிரில் உளுந்து பொங்காது. ராமுத்தாய் மாவுப் பானையைச் சாக்கில் சுற்றி, அணைந்த அடுப்பின் கதகதப்பில் வைத்து, இரண்டு தடவை எழுந்து தொட்டுப் பார்ப்பாள். கிணற்றடி வாசல் தெருவுக்குத் தெரியாது. முதல் இரண்டு நாள் ஆள் குறைந்தது. மூன்றாம் நாள் தோல் ஷாப் ஆட்களே சந்து முனையில் ஒரு கரித்துண்டால் சுவரில் அம்புக்குறி போட்டு வைத்தார்கள். நாலு ஈடாக விழுந்தது மறுபடி ஆறானது. காலையில் பனி மூடி, மலைக்கோட்டை இருந்த இடமே தெரியாது. அந்த மூட்டத்துக்குள் பீடி நெருப்புகள் மட்டும் வரிசையாக வந்து இட்லி கேட்டன.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் ஜெயமேரி வந்தாள். கறிச்சோறும் அச்சுமுறுக்கும் கொண்டுவந்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. தலைமுடியெல்லாம் பச்சை விறகுப் புகை நாறியது. நடுநடுவே இருமினாள்.

"என்னக்கா, கண்ணு இப்பிடி இருக்கு?"

"புகைடி. சாப்பிடு நீ. புள்ளைக்கு அசைவு தெரியுதா?"

"நேத்துல இருந்து தெரியுதுக்கா."

ஜெயமேரி அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். பேச்சுவாக்கில் கொப்பரையைக் கவிழ்த்து அடியைச் சாணால் அளந்தாள். பிறகு சுருட்டை ஒப்படைக்கும் கெடு நெருங்குகிறது என்று எழுந்து போனாள். அதற்கப்புறம் பத்து நாள் அவளைக் காணோம். சூசை மட்டும் வந்து, மலைச்சாமி கொடுத்த ஜனவரி வாடகை ஒன்பது ரூபாயைத் தங்கமுத்துவிடம் கட்டிவிட்டு ரசீதை வாங்கிப்போனார். ஏற்கெனவே ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. இரண்டாவதையும் பூட்டிப் போட வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை.

மார்கழி இருபதாம் தேதி தங்கமுத்து வந்தார். இந்தத் தடவை தூக்கோடு வந்தார்.

"நாலு வையித்தா. அந்த மேட்டுக்கடை இட்லியைத் தின்னு பல்லு ஆடிப்போச்சு."

அவள் வைத்தாள். அவர் கிளம்பவில்லை.

"ஒரு விஷயம் சொல்றேன், உன் நல்லதுக்கு. பாய் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். சூசை தம்பி குடும்பம் வந்து இறங்கியிருக்கு, பொண்டாட்டி புள்ளைகளோட. வீடு பூரா வெள்ளையடிச்சிருக்காக. வாடகைச் சீட்டு யார் பேர்ல இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா."

"சூசை பேர்ல. பாய் ரயிலேறுற அன்னைக்கு எழுதிக் குடுத்திருக்காரு. ரெண்டு ரூம்பு, முத்தம், ஒன்பது ரூபா. எவளுக்குத்தா விட மனசு வரும்? நீ தை ஒண்ணு அன்னைக்கு ஆட்டுக்கல்லோட போயி நிப்பே, உள்ள இடமில்லைன்னுருவாக. இங்கயும் இருக்க முடியாது. ரெண்டுங்கெட்டு ரோட்டுல நிக்கணும், இந்த வயித்தோட." அவர் குரல் இறங்கியது. "பழைய வீடு சும்மாத்தான் கிடக்கு. பதினாலுக்குத் தாரேன். இன்னைக்கே சாவியை வாங்கிக்க. அது உன் சொந்த வீடு மாதிரி, மார்கழிக்கு அதுல குத்தம் இல்லை. ஆனா தை பொறந்துட்டா பதினெட்டுத்தான்."

ராமுத்தாய் கொப்பரை மூடியைப் பிடித்தபடியே நின்றாள். சூடு ஏறி விரல் எரிந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

"சாயங்காலம் சொல்றேங்கய்யா."

மலைச்சாமி பட்டறையிலிருந்து வந்ததும் அவனைப் பாய் வீட்டுக்கு அனுப்பினாள். வயிற்றுப் பிள்ளையோடு மார்கழியில் அந்த வாசலைத் தான் மிதிக்க முடியாது. அவன் திரும்பி வந்தபோது அவள் உளுந்தை ஆட்டிக்கொண்டிருந்தாள், குழவி நின்றது.

"சொல்லுங்க."

"வெள்ளையடிச்சிருக்கிறது நெசந்தான். முன் ரூம்புல பெரிய குடில் வச்சிருக்காக. வைக்கோலு, ஆட்டுக்குட்டி, எல்லாம் அம்சமா இருக்கு. சூசையண்ணன் தம்பி குடும்பமும் இருக்கு. கிறிஸ்துமஸுக்கு அப்பறம் வர்ற மூணு ராசா திருநாள் வரைக்கும் இருப்பாகளாம்."

"அக்கா என்ன செஞ்சுச்சு?"

"முத்தத்துல மூணு கல்லைக் கூட்டிச் சமைச்சுக்கிட்டிருந்துச்சு. தூறல் வேற. தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு ஊதிக்கிட்டே இருக்கு."

"ஏன், உள்ள அடுப்படி இல்லையா?"

"இருக்கு. கதவு சாத்திக் கிடந்துச்சு. தம்பி குடும்பத்துச் சாமானைப் போட்டு அடைச்சிருக்காக போல." அவன் கொஞ்சம் தயங்கினான். "சீட்டைப் பத்திக் கேட்க எனக்கு வாய் வரலை. காப்பி குடுத்துச்சு. குடிச்சுட்டு வந்துட்டேன்."

அடுப்படியே அடைத்துவிட்டது என்றால் அவளுக்கு எங்கே இடம்? ராமுத்தாய் குழவியைப் பிடித்துக்கொண்டு, சுற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பதினாலு ரூபாய். கட்டலாம். இடுப்பொடிந்தால் கட்டலாம். தெருவைப் பார்த்த வாசல், பழகின சுவர். அங்கே போனால் நாளைக்குத் தெருவில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அப்படிப் போனால், ஜெயமேரி சொன்ன சொல்லை நம்பவில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்ன மாதிரி. இரண்டாவது பிள்ளை தங்காமல் போன வருஷம், ரத்தத்தில் நனைந்த கோரைப்பாயைக் கிணற்றடியில் தேய்த்துக் கழுவியவள் ஜெயமேரி. வேறு யாரும் அதைத் தொடவில்லை.

குழவி மறுபடி சுற்றத் தொடங்கியது.

"வீட்டுக்காரரு கேட்டா என்ன சொல்ல?" என்றான் மலைச்சாமி.

"தை வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க. ரோட்டுல நின்னாலும் அக்காவோட வாசல்லதானே நிப்போம். ரெண்டு திட்டு திட்டிட்டு உள்ள கூப்பிட்டுக்கும்."

*

தை ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக விடிந்தது. பனி கலைந்து வெயில் மஞ்சளாக விழுந்த நேரத்தில் வண்டி பேகம்பூர்த் திருப்பத்தில் நின்றது. ஆட்டுக்கல், கொப்பரை, பானைகள், ஒரு கரும்பு, மஞ்சள் கொத்து. ராமுத்தாய் பாலைச் செம்பில் வைத்து மடியில் பிடித்திருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. தம்பி குடும்பத்தைக் காணோம். முன் அறை காலியாக, கழுவிக் கோலம் போட்டுக் கிடந்தது. குடில் இருந்த மூலையில் மட்டும் ஒரு வைக்கோல் துரும்பு.

சூசையும் ஜெயமேரியும் அதிகாலைப் பூசையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். ஜெயமேரியின் தலையில் முக்காடு அப்படியே இருந்தது.

"என்னடி வாசல்லயே நிக்கே? வலது காலை வச்சு வா. மாட்டுப் பொங்கல் வரைக்கும் நிப்பியா?"

ராமுத்தாய் உள்ளே வந்தாள். ஜெயமேரி முன்னால் போய் அடுப்படிக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே சாமான் எதுவும் இல்லை. சுவரோரமாகப் புது அடுப்பு ஒன்று இருந்தது. செம்மண்ணைக் குழைத்துப் போட்ட அடுப்பு. பெரிய வாய் ஒன்று, பக்கத்தில் சின்ன வாய் ஒன்று. பெரிய வாய் கொப்பரையின் அடிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அளவெடுத்ததுதான், கிறிஸ்துமஸ் அன்று அவள் கொப்பரையை ஜெயமேரி கவிழ்த்து, சாணில் அளந்து பார்த்தது இப்போதுதான் ராமுத்தாய்க்கு நினைவு வந்தது. அடுப்பு வழவழவென்று மெழுகி, மேலே கோலம் போட்டிருந்தது. நெருப்புப் பட்ட தடம் இல்லை. வெள்ளையடித்த சுவரில் ஒரு கரிப் பொட்டுக்கூட இல்லை.

"யக்கா... மூட்டவே இல்லையா?"

"உன் வீட்டு முத நெருப்பை நான் மூட்டலாமாடி?"

"ஒரு மாசமா... வெளியிலயா சமைச்சே? மழையில?"

"எங்க மழை? நாலு நாள் தூறிச்சு, அம்புட்டுத்தான். கிறிஸ்துமஸ் கறிச்சோறு வெளியில ஆக்குனாத்தான் ருசி." பேச்சின் நடுவில் இருமல் வந்தது. "அந்த மனுஷனைக் கேளு, முத்தத்துல விறகு நனைஞ்சு என்னை எம்புட்டுத் திட்டு வாங்க வச்சுச்சுன்னு."

"நான் எங்கடி திட்டினேன்? நீதான் விறகைத் திட்டினே" என்றார் சூசை.

ராமுத்தாய் அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். ஆவாரம்பட்டைச் சக்கையைச் சூசை ஏற்கெனவே ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தார். அவள் தீக்குச்சியைக் கிழித்தாள். முற்றத்துக் காற்றில் அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. ஜெயமேரி பின்னாலிருந்து குனிந்து இரண்டு கைகளையும் அவள் கைகளைச் சுற்றி மறைப்பாக வைத்துக்கொண்டாள். மூன்றாவது பற்றியது.

பால் கிழக்கே பொங்கி வழிந்தது. மலைச்சாமி, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினான். சூசை அவனைவிடச் சத்தமாகக் கத்தினார்.

வாடகைச் சீட்டு யார் பேரில் இருக்கிறது என்று ராமுத்தாய் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

மறுநாள் விடியலில் புது அடுப்பில் முதல் ஈடு இறங்கியது. ஈரத்துணியிலிருந்து இட்லிகளைத் தட்டில் கவிழ்த்து, நாலை எடுத்துத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்தாள்.

"இது யாருக்கு?" என்றாள் ஜெயமேரி.

"வீட்டுக்காரருக்கு."

"எந்த வீட்டுக்காரருக்கு? பாயி மெட்ராஸ்லல்ல இருக்காரு?"

"பழைய வீட்டுக்காரருக்குக்கா."

ஜெயமேரி இடுப்பில் கை வைத்தாள். "உனக்குக் கிறுக்கா? பதினெட்டு ரூபா கேட்ட மனுஷனுக்கா?"

"வடமதுரையில கிணறு வத்தி நாங்க இங்க வந்த வருஷம், இந்த ஊருல ஒருத்தரும் எனக்கு அடுப்பு மூட்ட இடம் குடுக்கலை. இவருதான், 'அடுப்புதானே, எரியட்டும்'னாரு. எட்டு வருஷம் எரிஞ்சுச்சுல்லக்கா."

மலைச்சாமி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற வழியில் கொடுக்கக் கிளம்பினான். வாசலில் தோல் ஷாப் ஆட்கள் இடம் பார்த்துக் குத்தவைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

சாயங்காலம் வந்ததும் ராமுத்தாய் கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"நின்னுக்கிட்டே நாலையும் தின்னுட்டாரு. ரெண்டு வீடும் காலியாக் கிடக்கு, பாவம். கிண்ணத்தைக் கழுவிக் குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு."

"என்னவாம்?"

"'புது அடுப்புல இன்னைக்கு எத்தனை ஈடு?'ன்னாரு."

ஜெயமேரி சுருட்டைச் சுற்றிக்கொண்டே தலையைத் தூக்கினாள். "எட்டுன்னு சொல்லு. இனிமே அவரு எம்புட்டு எண்ணுனாலும் நமக்கு வாடகை நாலரைதான்."